தொண்டைக்கட்டு என்று எண்ணியிருந்தோம்



சென்ற வாரம் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு சிறு நிகழ்ச்சி. எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவர் கரகரத்த குரலில் "காலை வணக்கம்" என்றார். என் கை தானாகவே மேசை இழுப்பறைக்குச் சென்றது. அங்கே ஒரு கண்ணாடிப் புட்டியில் பனங்கற்கண்டு எப்பொழுதும் இருக்கும். தேக்கா பக்கம் போகும்போதெல்லாம் வாங்கி நிரப்பி வைப்பது என் பல்லாண்டு வழக்கம். புட்டியைக் கையில் எடுத்தவள், மூடியைத் திறக்காமல், "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்கு நாள்தான் டீச்சர்."

"சரி, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று வாரம் கழிந்தும் இப்படியே இருந்தால் என்னிடம் வரக்கூடாது. மருத்துவரிடம் போக வேண்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். கற்கண்டு கொடுப்பதற்கு முன் ஒரு விசாரணையா என்று அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க நான் கற்றுக்கொண்டது 2023ஆம் ஆண்டில். அதற்காக நான் கொடுத்த விலை சிறிது. வேறொருவர் கொடுத்த விலை பெரிது. அவர் என் மூத்த ஆசிரியர். இங்கே அவரை ஐயா என்றே குறிப்பிடுகிறேன். அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறேன். "என் பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். நோயின் பெயரை மட்டும் தெளிவாக எழுதுங்கள் அம்மா" என்றார்.

ஐயாவும் அவருடைய குரலும்

தேசியக் கல்விக் கழகத்தில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், களப்பயிற்சிக்கு அனுப்பப்பட்ட பள்ளியில் ஐயாதான் எனக்கு வழிகாட்டி ஆசிரியர். முதல் நாள் அவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தேன். தொடக்கநிலை இரண்டு மாணவர்களுக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் கற்பித்துக்கொண்டிருந்தார். படமில்லை, திரையில்லை. குரல் ஒன்றுதான். "வால்" என்றார், "வாள்" என்றார், "வாழ்" என்றார். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் நாக்கு வாய்க்குள் இடம் மாறுவதை என்னால் பார்க்க முடிந்தது.

இங்குள்ள பெற்றோர்க்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரும் பிள்ளை ஒருநாளில் கேட்கும் தமிழ், பெரும்பாலும் தமிழாசிரியர் பேசும் தமிழ்தான். பாடநூலைப் பள்ளி தரும். ஒலியை ஆசிரியரின் தொண்டைதான் தர வேண்டும். ஐயா இதை நன்கு உணர்ந்தவர். மாலையில் பல்கலைக்கழக விரிவுரை கேட்பவரைப்போல வானொலிச் செய்தியைக் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்பார். அதே ஐயாவுடன் பிற்காலத்தில் ஒரே பள்ளியில் பணியாற்றும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது.

2023 பிப்ரவரியில் அவருடைய குரல் கம்மத் தொடங்கியது. பொங்கல் கொண்டாட்டங்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. நிகழ்ச்சி நெறியாளராகப் பேசியதால் வந்தது என்றோம். பிறகு, "முகக்கவசம் அணிந்துகொண்டு மூன்றாண்டு உரக்கப் பேசினேன் அல்லவா, அதற்கு இப்போது வட்டி கட்டுகிறேன்" என்று அவரே நகைச்சுவையாகச் சொன்னார். அனைவரும் சிரித்தோம்.

மார்ச்சில் குரல் இன்னும் தாழ்ந்தது. ஏப்ரல், தமிழ்மொழி மாதம். கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி என்று பிள்ளைகளைத் தயார் செய்யும் காலம். பேசிக் காட்ட வேண்டிய இடங்களில் என்னை அழைத்து, "இந்தப் பத்தியை நீங்கள் படித்துக் காட்டுங்கள் அம்மா" என்பார். வலி இல்லை. காய்ச்சல் இல்லை. உடல் மெலியவில்லை. எச்சில் விழுங்கும்போது மட்டும் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது என்று இருமுறை சொன்னார். வீட்டருகே இருந்த மருந்தகத்தில் மாத்திரையும் சப்பும் வில்லைகளும் தந்தார்கள். அடுத்த முறை, வயிற்றமிலம் மேலேறுவதால் இருக்கலாம் என்று வேறு மாத்திரை.

நான் என்ன செய்தேன்? பனங்கற்கண்டு கொடுத்தேன். சிராங்கூன் சாலையில் நாட்டுமருந்துக் கடைக்குச் சென்று அதிமதுரம் வாங்கி வந்து கொடுத்தேன். மிளகுப் பாலுக்குப் பக்குவம் சொன்னேன். ஜூன் விடுமுறையில் பேசாமலிருந்தால் சரியாகிவிடும் என்றேன். ஒருநாள் அவர் சற்றுக் கவலையோடு பேசியபோது, "உங்களுக்கென்ன ஐயா, புகையும் இல்லை, வெற்றிலை பாக்கும் இல்லை. இது நம் தொழில் தரும் பரிசு" என்றும் சொன்னேன். ஆறுதலாகச் சொன்ன சொல்தான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவர் அந்த மாதம் மருத்துவரிடம் போகவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது.

தொழில்மீது போடும் பழி

குரலால் பிழைப்பவர்கள் குரல் கெட்டால் தொழில்மீது பழியைப் போட்டுவிடுவது புதிதன்று. லிட்டில் இந்தியாவில் நாரிஸ் ரோடு வழியாக நடப்பவர்களில் எத்தனை பேருக்கு, அங்கே ஒரு காலத்தில் இராமகிருஷ்ண மடத்தார் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள் என்பது தெரியுமோ, நான் அறியேன். அந்த மடம் யார் பெயரால் அமைந்ததோ அந்த இராமகிருஷ்ண பரமஹம்சருக்கு 1885இல் தொண்டையில் நோய் கண்டபோது, ஓயாமல் அன்பர்களுடன் பேசுவதால் வந்த தொண்டைப் புண் என்றுதான் முதலில் கருதப்பட்டது. போதகர்களுக்கு வரும் தொண்டைப் புண் என்று அக்காலத்து மருத்துவர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். அது புற்றுநோய் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1886 ஆகஸ்ட் 16ஆம் நாள் காசிப்பூர்த் தோட்ட வீட்டில் அவர் மறைந்தார். அன்று விரைவில் கண்டறிந்திருந்தாலும் செய்வதற்கு அதிகமில்லை. இன்று அப்படியில்லை.

நம் பெற்றோர் தலைமுறைக்குக் குரல் என்றால் பேரறிஞர் அண்ணா. அவருக்கு வந்தது குரல்வளையில் அன்று, உணவுக்குழாயில். 1968இல் நியூயார்க் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் காலமானார். அவர் புகையிலை போடும் பழக்கம் உள்ளவர் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எச்சரிக்கையாகச் சொல்வார்கள். அதனால் தொண்டைப் புற்று என்றாலே புகை, புகையிலை, மது என்று எங்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அது பெரும்பாலும் உண்மைதான். குரல்வளையில் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை, மேல்தோல் செல்களிலிருந்து தோன்றுபவை. புகையோடு நெருங்கிய தொடர்புடையவை. ஆனால் புகைக்காதவருக்குத் தொண்டையில் ஒன்றும் வராது என்று அதனைத் திருப்பிப் போட்டு நான் புரிந்துகொண்டதுதான் பிழை.

சொல்வதெழுதுதல்

ஜூலையில் ஒரு நாள். ஐயா தொடக்கநிலை மூன்று மாணவர்களின் சொல்வதெழுதுதல் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் ஏடுகளையே பார்த்தார். பிறகு என்னிடம் நான்கைந்து ஏடுகளை நகர்த்தினார்.

"விழி" என்று வர வேண்டிய இடத்தில் "விளி". "வாழை" என்று வர வேண்டிய இடத்தில் "வாளை". நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் அவ்வாறே எழுதியிருந்தார்கள்.

"இவர்கள் பிழை செய்யவில்லை அம்மா. என் குரல் பிழை செய்திருக்கிறது" என்றார்.

மூச்சாக மட்டும் வெளிவந்த அந்தக் குரலில் ழகரமும் ளகரமும் பிள்ளைகளின் காதுக்கு ஒன்றாகவே கேட்டிருக்கின்றன. மறுநாளே அவர் பலதுறை மருந்தகத்திற்குச் சென்றார். அங்கிருந்த மருத்துவர் ஐந்து மாதம் என்று கேட்டவுடனேயே காது மூக்கு தொண்டைச் சிறப்பு மருத்துவருக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

சிறப்பு மருத்துவர் மூக்கின் வழியாக மெல்லிய குழாய்க் கருவியை விட்டுப் பார்த்தார். நம் நாட்டில் சீனர்களிடையே மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அதிகம் என்பதால், இங்குள்ள மருத்துவர்கள் இந்தக் கருவியைக் கையாள்வதில் மிகவும் பழகியவர்கள். ஐயாவுக்கு மூக்குத்தொண்டை தெளிவாக இருந்தது. குரல் நாணுக்குச் சற்று மேலே, வழவழப்பான, சிவந்த வீக்கம் ஒன்று இருந்தது. புண் இல்லை, மேல்தோல் கிழியவில்லை. பார்வைக்குச் சாதுவாகத்தான் தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, சற்று ஆழத்திலிருந்து திசுவை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று ஐயா எனக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: பிளாஸ்மாசைட்டோமா. பிளாஸ்மா செல்களின் புற்றுநோய்.

பார்த்து எழுதிய தாள்கள்

அந்தப் பெயரை அதற்குமுன் நான் கேள்விப்பட்டதில்லை. பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, என் மாணவர்களுக்குச் சொல்வதுபோல் இங்கே சொல்கிறேன்.

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் பி வகை அணுக்கள், ஒரு கிருமியை அடையாளம் கண்டபின், பிளாஸ்மா செல்களாக முதிர்கின்றன. ஒவ்வொரு பிளாஸ்மா செல்லும் ஒரே வகையான எதிர்ப்புப் புரதத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் ஒரு பட்டறை. தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது நம்மைக் காப்பவை இவைதாம். அவற்றுள் பல எலும்பு மஜ்ஜையில் வாழ்கின்றன. வேறு பல மூக்கு, தொண்டை, குடல் ஆகியவற்றின் ஈரமான உட்தோலில் காவல் நிற்கின்றன. காற்றோடும் உணவோடும் கிருமிகள் நுழையும் வாசல் அதுதானே? தொண்டையைச் சுற்றி டான்சில் முதலானவை அமைந்த வளையத்தை வால்டையர் வளையம் என்கிறார்கள். பிளாஸ்மா செல் என்னும் பெயரை 1875இல் முதன்முதலில் எழுதிய செர்மானிய உடற்கூற்றியலாளரும் அதே வால்டையர்தான்.

இந்தச் செல்களில் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டே போனால் அது புற்றுநோய். எலும்பு மஜ்ஜை முழுவதும் பரவினால் அதற்கு மல்டிபிள் மைலோமா என்று பெயர். இந்தி நடிகை கிரண் கேர் அவர்களுக்கு இந்நோய் வந்த செய்தியை 2021இல் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். எலும்புக்கு வெளியே ஓரிடத்தில் மட்டும் கட்டியாகத் திரண்டால் அது பிளாஸ்மாசைட்டோமா. அவ்வாறு எலும்புக்கு வெளியே தோன்றுபவற்றில் 80 முதல் 90 விழுக்காடு, தலை கழுத்துப் பகுதியில்தான் தோன்றுகின்றன. மூக்கறையிலும் அதனைச் சுற்றியுள்ள குழிகளிலும் அதிகம். குரல்வளையில் மிகவும் அரிது. குரல்வளையில் வரும் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுகூட இராது. 50 வயதைத் தாண்டிய ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இன்ன காரணத்தால் வருகிறது என்று எவரையும் கைகாட்ட முடியாத நோய் இது.

சாதாரண அழற்சியிலும் பிளாஸ்மா செல்கள் கூட்டமாகச் சேரும். அப்படியிருக்க, இது புற்று என்று எவ்வாறு அறிகிறார்கள்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எதிர்ப்புப் புரதத்தில் கப்பா, லாம்டா என்று இருவகைச் சங்கிலிகளில் ஒன்று இருக்கும். இயல்பான கூட்டத்தில் இரண்டு வகைச் செல்களும் கலந்திருக்கும். 30 பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னால் 30 விதமாகத்தானே எழுதுவார்கள்? எல்லாத் தாள்களிலும் ஒரே வரியில் ஒரே பிழை இருந்தால் நாம் என்ன முடிவுக்கு வருவோம்? ஒரு தாளைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் எழுதியிருக்கிறார்கள் என்போம். திசுவைச் சாயமேற்றிப் பார்க்கும்போது அத்தனை செல்களும் ஒரே வகைச் சங்கிலியையே செய்துகொண்டிருந்தால், அவை ஒரே செல்லின் படிகள் என்று நோய்க்குறியியல் மருத்துவரும் அவ்வாறே முடிவு செய்கிறார். ஐயாவிடம் இதைச் சொன்னபோது, அந்த நிலையிலும், "அப்படியென்றால் மூலத்தாள் எந்தப் பையனுடையது என்று கண்டுபிடித்தார்களா?" என்று எழுதிக் காட்டினார்.

காத்திருந்த நாள்கள்

தொண்டைக் கட்டியின் பெயர் தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மீதமிருந்தது. கட்டி தொண்டையில் மட்டும்தானா? அல்லது உடல் முழுவதும் பரவியிருக்கும் மைலோமாவின் ஒரு கிளை தொண்டையில் எட்டிப் பார்க்கிறதா? முதலாவதாயின் குணமாகும் வாய்ப்பு மிகுதி. இரண்டாவதாயின் வாழ்நாள் முழுவதும் மருத்துவத்தோடு வாழ வேண்டும்.

இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். உடல் முழுவதையும் படமெடுத்தார்கள். இரத்தத்தில் புரதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். சிறுநீரையும் சோதித்தார்கள். சிறுநீர்ச் சோதனைக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1845இல் லண்டனில் மளிகை வணிகர் ஒருவருக்குத் தாங்க முடியாத எலும்பு வலி. அவருடைய சிறுநீரில் ஏதோ ஒரு புதிய பொருள் இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், அதனை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் வேதியியல் வல்ல மருத்துவருக்கு அனுப்பினார்கள். சூடாக்கும்போது திரண்டு, மேலும் சூடாக்கினால் கரைந்து, ஆறியதும் மீண்டும் திரளும் அந்தப் புரதம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வணிகர் 1846ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற தடயத்தைத்தான், ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழித்து, ஐயாவின் சிறுநீரிலும் தேடினார்கள்.

முடிவு வருவதற்குப் பத்து நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு சனிக்கிழமை, ஐயாவின் துணைவியாரைத் தேக்கா சந்தையில் தற்செயலாகச் சந்தித்தேன். அக்கா கையில் வெறும் பை. "என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது டீச்சர்" என்றார். இருவரும் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் வரை நடந்தோம். வழியில், "வீட்டில் அவருக்கு எதுவும் குறை சொல்லத் தெரியாது. நீங்களாவது பள்ளிக்கூடத்தில் முன்பே போகச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். குற்றஞ்சாட்டும் தொனியில் அவர் கேட்கவில்லை. ஆயினும் நான் கொடுத்த பனங்கற்கண்டும் நான் சொன்ன ஆறுதலும் நினைவுக்கு வந்தன. "சொல்லியிருக்க வேண்டும் அக்கா. சொல்லவில்லை. மாறாகச் சொன்னேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். அக்கா ஒன்றும் பேசவில்லை. கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை செய்தி வந்தது. மஜ்ஜை தெளிவு. எலும்புகள் தெளிவு. தொண்டையில் மட்டும்தான்.

இருபத்தைந்து நாள்

இந்தக் கட்டி கதிர்வீச்சுக்கு எளிதில் பணியும் தன்மையுடையது. அதனால் குரல்வளையை அகற்ற வேண்டிய தேவை ஐயாவுக்கு ஏற்படவில்லை. வாரத்தில் ஐந்து நாள் வீதம், ஐந்து வாரம், 25 முறை கதிர்வீச்சு. தொடங்குவதற்கு முன் பற்களைச் சோதித்தார்கள். முகமும் கழுத்தும் அசையாமலிருக்க, வெந்நீரில் இளகும் நெகிழி வலையை முகத்தின்மீதே படியவைத்து ஒரு முகமூடி செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அதை மேசையோடு பொருத்திப் படுக்க வைப்பார்கள். கதிர்வீச்சு சில நிமிடம்தான், வலி இல்லை.

வலி பிறகு வந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து விழுங்க முடியவில்லை. வாய் வறண்டது. கழுத்துத் தோல் கறுத்தது. சுவை போயிற்று. ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன் தலைக் கறியை அவ்வளவு விரும்புபவர், குழையக் காய்ச்சிய கஞ்சியை ஒரு மணி நேரம் குடித்தார். பேசக்கூடாது என்பதால் ஒரு சிறிய வெண்பலகையும் பேனாவும் எப்போதும் அவர் கையிலிருக்கும்.

அது தொடக்கநிலைப் பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு நடக்கும் காலம். ஆண்டுதோறும் தொடக்கநிலை ஆறு மாணவர்களை உரையாடலுக்குத் தயார் செய்பவர் ஐயா. அவ்வாண்டு நான் செய்தேன். மாணவர்கள் வாய்விட்டு வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து அவருக்கு அனுப்பினேன். சிகிச்சை முடிந்து வந்து படுத்தபடியே ஒவ்வொன்றையும் கேட்டு, எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும், எந்த எழுத்தில் நாக்கு தவறுகிறது என்று எழுதி அனுப்பினார். குரல் இல்லாதவர் திருத்திய குரல்கள் அவை. ஒரு மாணவனுக்கு மட்டும், "எனக்குப் பதிலாக நீ நன்றாக வாசிக்கிறாய்" என்று எழுதியிருந்தார். அதனை அவனிடம் காட்டுவதா என்று தயங்கினேன். காட்டினேன். தேர்வு நாளன்று அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான் என்று அவன் தாயார் பிறகு சொன்னார்.

ஐயா 2024 சனவரியில் பள்ளிக்குத் திரும்பினார். குரல் திரும்பியிருந்தது, பழைய கணீர் இல்லை. சற்றுத் தாழ்ந்த, மணல் கலந்தாற்போன்ற குரல். வகுப்பில் இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியைப் பயன்படுத்துகிறார். முதல் வாரமே சொல்வதெழுதுதல் வைத்தார். "விழி" சரியாக வந்திருந்தது.

கதை அத்துடன் முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. ஒரே இடத்தில் தோன்றிய இக்கட்டிக்குச் சிகிச்சை பெற்றவர்களில், பத்தாண்டுகள் கடந்தும் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் நலமாக வாழ்கிறார்கள் என்கின்றன ஆய்வுகள். பத்தில் ஒருவர் முதல் மூவர் வரை, பின்னாளில் மைலோமா வருவதும் உண்டு. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தச் சோதனை, தொண்டைச் சோதனை, கழுத்தில் கதிர்வீச்சு பட்டதால் தைராய்டுச் சோதனை என்று அவருடைய நாட்காட்டியில் சிவப்பு வட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டத்திற்கும் முந்திய நாள் அவர் வழக்கத்தைவிட அமைதியாக இருப்பார். நாங்களும் கேட்பதில்லை.

என் தொண்டை

சென்ற ஆண்டு என் குரலும் கம்மியது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். மூன்றாம் வார முடிவில், "பாடத்திட்டம் முடியவில்லை, எனக்குப் பதிலாக யார் வகுப்புக்குப் போவார்கள், இது தொழில் தரும் பரிசு" என்று என் மனம் அதே பாடலைப் பாடத் தொடங்கியது. ஐயா என் மேசைக்கு வந்து, பழைய வெண்பலகையை எடுத்து, "மூன்று வாரம்" என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

சென்றேன். மூக்கில் மரப்பு மருந்தைத் தெளித்து, மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார்கள். கண்ணில் நீர் வந்தது; ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு இருந்தது குரல் நாணில் சிறு தடிப்பு. உரக்கப் பேசும் ஆசிரியர்களுக்கும் பாடகர்களுக்கும் வருவது. பேச்சு மருத்துவரிடம் சில வாரம் பயிற்சி எடுத்துக்கொண்டேன். வயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசவும், தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தை விடவும் கற்றேன்.

தொண்டை கட்டிய ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு என்னைப்போலத்தான் இருக்கும். ஐயாவுக்கு வந்தது அரிதிலும் அரிது. யாரையும் அச்சுறுத்த நான் இதனை எழுதவில்லை. வெளியிலிருந்து கேட்பவருக்கு என் கம்மலும் அவர் கம்மலும் ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கும். உள்ளே பார்த்தவர்க்குத்தான் வேறுபாடு தெரிந்தது.

ஆசிரிய நண்பர்களே, சளி காய்ச்சலோடு வரும் தொண்டைக்கட்டு ஓரிரு வாரத்தில் விலகிவிடும். மூன்று அல்லது நான்கு வாரம் கடந்தும் குரல் திரும்பாவிட்டால், குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். விழுங்குவதில் தடை, கழுத்தில் கட்டி, இருமலில் இரத்தம், ஒரு பக்கக் காதில் நீங்காத வலி, மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. வகுப்பை யார் பார்ப்பார்கள் என்ற கவலை எனக்கும் இருந்தது. நான் போன அன்று என் வகுப்பை ஐயா பார்த்துக்கொண்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் தமிழாசிரியருக்குப் பல வாரமாகக் குரல் சரியில்லை என்று பிள்ளை வீட்டில் சொன்னால், அதனைப் புகாராக எடுத்துக்கொள்ளாமல், ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியின் குரல் மாறினாலும் முதுமை என்று விட்டுவிடாதீர்கள்.

பனங்கற்கண்டுப் புட்டி இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது. மூடியின்மேல் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறேன். ஐயாவின் கையெழுத்துதான்: "எத்தனை நாளாக?"

அந்த இளம் ஆசிரியைக்கு நேற்றோடு பதினொரு நாள். குரல் ஏறத்தாழ தெளிந்துவிட்டது. நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை